டிரைவும் சர்வரும் திரைக்கு வந்த கதை

கணினித் திரையில் தெரியும் டிரைவின் படம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. இப்படி ஒரு சேமிப்பிடம் இருக்கிறது என்பது ஒன்று. இப்போது அதைத் திறக்கலாம் என்பது மற்றொன்று. பெட்டிக்குள் திருகாணி போட்டு இறுக்கிய ஹார்டு டிஸ்க்குக்கு இரண்டும் ஒன்றுதான். கழற்றி எடுக்கும் ஃபிளாப்பிக்கும் அடுத்த அறையில் ஓடும் சர்வருக்கும் அப்படி இல்லை. சில சமயம் இருக்கும், திறக்காது. சில சமயம் பட்டியலில் தெரியும், ஆனால் அந்தக் கணினியை அணைத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஃபைல் மேனேஜர் என்ற மென்பொருளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த இடைவெளியோடு மல்லுக்கட்டியதிலேயே கழிந்தது.

டிரைவுக்கு ஒற்றை எழுத்தைப் பெயராக வைக்கும் வழக்கம் திரையில் படங்கள் வருவதற்கு வெகு முன்பே பிறந்துவிட்டது. 1960களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஐபிஎம் நிறுவனத்தார் உருவாக்கிய சிஎம்எஸ் என்ற இயங்குதளம் வட்டுகளை எழுத்துகளால் குறித்தது. 1974-இல் கேரி கில்டால் சிறு கணினிகளுக்காக எழுதிய சிபி/எம் இயங்குதளத்திலும் இதே முறைதான். ஃபிளாப்பி செருகும் முதல் டிரைவ் ஏ, அடுத்தது பி. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசியுடன் வந்த டாஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1983-இல் 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க்குடன் பிசி எக்ஸ்டி வெளியானபோது முதல் இரண்டு எழுத்துகளும் ஃபிளாப்பிக்குப் போயிருந்தன. ஹார்டு டிஸ்க்குக்கு சி கிடைத்தது. ஃபிளாப்பி ஒழிந்து இத்தனை காலம் ஆன பிறகும் விண்டோஸ் கணினிகள் சி-யிலிருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன.

ஒரே ஒரு ஃபிளாப்பி டிரைவ் உள்ள கணினியிலும் பி டிரைவ் இருப்பதாகவே டாஸ் பாவனை செய்தது. ஏ-யிலிருந்து பி-க்கு ஒரு கோப்பை நகலெடுக்கச் சொன்னால், பி-க்கு உரிய வட்டைச் செருகிவிட்டு ஏதேனும் ஒரு விசையை அழுத்தும்படி திரையில் எழுதிக் காட்டிக் காத்திருக்கும். பயனர் வட்டை மாற்றி மாற்றிப் போட, ஒரே துளை இரண்டு டிரைவாக வேலை செய்யும். இல்லாத டிரைவுக்குப் பெயர் வைத்த இந்தத் தந்திரம் அன்றைய பற்றாக்குறைக்குப் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் எழுத்து என்பது ஒரு கருவியைக் குறிக்கிறதா, அதற்குள் கிடக்கும் வட்டைக் குறிக்கிறதா என்ற குழப்பத்துக்கும் அதுவே வித்திட்டது.

நெட்வொர்க் வந்தபோது அதே எழுத்துகள்தான் சர்வர்களுக்கும் கிடைத்தன. டாஸ் தானாக ஒதுக்கி வைத்தது இ வரையிலான எழுத்துகளை. அதற்கு மேல் வேண்டுமென்றால் தொடக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். நோவெல் நிறுவனத்தின் நெட்வொர்க் இயங்குதளமான நெட்வேர் அடுத்த எழுத்தான எஃப்-ஐப் பிடித்துக்கொண்டது. 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு எஃப் டிரைவ் என்றாலே சர்வர்தான். காலையில் அந்த டிரைவுக்குப் போய்ப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் மற்ற ஃபோல்டர்கள் கண்ணில் படும். கட்டளைகளைத் தேடும் இடங்களுக்கு நெட்வேர் கடைசி எழுத்தான இசட்-இல் தொடங்கிப் பின்னோக்கி எழுத்து கொடுத்தது. 26 எழுத்துகள், இரு முனையிலிருந்தும் தீர்ந்துகொண்டே வந்தன.

இந்தக் கட்டமைப்பு எவ்வளவு ஒட்டுப்போட்டது என்பதற்கு சிடி-ராம் நல்ல சாட்சி. டாஸ் அறிந்த கோப்பு முறையோடு சிடியின் கோப்பு முறை பொருந்தவில்லை. அதனால் மைக்ரோசாஃப்ட் எழுதிய நீட்டிப்பு, நெட்வொர்க் டிரைவ்களுக்காகச் செய்து வைத்திருந்த வாசல் வழியாக சிடியை உள்ளே நுழைத்தது. மேசை மேல் இருக்கும் சிடி டிரைவைத் தொலைதூர சர்வர் என்றே டாஸ் நம்பியது.

யூனிக்ஸ் போன வழி வேறு. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வகத்தில் வடித்த அந்த இயங்குதளத்தில் டிரைவ் என்ற பேச்சே பயனருக்கு எழாது. வேரில் தொடங்கிக் கிளைவிடும் ஒரே மரம். எந்த வட்டையும் அந்த மரத்தின் ஏதோ ஒரு கிளையில் மவுன்ட் செய்துகொள்ளலாம், அதாவது பொருத்திக்கொள்ளலாம். 1974-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை தங்கள் சொந்தக் கணினியையே எடுத்துக்காட்டாக விவரிக்கிறது: வேர் சிறிய நிலைத்தலை வட்டில் இருக்கிறது, பயனர்களின் கோப்புகள் உள்ள பெரிய வட்டு கணினி தொடங்கும்போது மவுன்ட் ஆகிறது, இன்னும் நான்கு சிறிய டிரைவ்களில் அவரவர் தங்கள் வட்டுகளைப் போட்டுக்கொள்ளலாம். பாதையைப் பார்த்து எந்த வட்டு என்று கண்டுபிடிக்க முடியாது; கண்டுபிடிக்கத் தேவையும் இல்லை என்பதே அதன் கொள்கை.

அந்த மரத்தை நெட்வொர்க்குக்கும் நீட்டும் முயற்சிகளில் மிகத் துணிச்சலானது இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1982-இல் அங்கு அறிமுகமான ‘நியூகாசில் கனெக்‌ஷன்’ வேருக்கும் மேலே ஒரு படி வைத்தது. வேரிலிருந்து ஒரு படி மேலேறினால் மற்றக் கணினிகள் அக்கம்பக்கத்து ஃபோல்டர்களாக நிற்கும். அழகான யோசனை, ஆனால் உலகம் பின்பற்றியது சன் மைக்ரோசிஸ்டம்ஸின் என்எஃப்எஸ் முறையை. 1980களின் நடுவில் பரவத் தொடங்கிய அது, தொலைவில் உள்ள ஃபோல்டரை உள்ளூர் மரத்தில் மவுன்ட் செய்து, வேறுபாடே தெரியாதபடி மறைத்தது. மறைத்ததற்கு விலையும் உண்டு. சர்வர் நின்றுபோனால் அந்தக் கிளையைத் தொட்ட நிரல்கள் அத்தனையும் உறைந்துவிடும். சர்வர் பதிலளிக்கவில்லை, இன்னும் முயல்கிறோம் என்ற வரி மட்டும் திரையில் வந்து நிற்கும். அருகில் இருப்பதுபோலக் காட்டிய தொலைவான பொருள், தொலைவாகவே காட்டியதைவிட அதிகத் தொல்லை கொடுத்தது.

படங்களால் ஆன மேசைத்திரையை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார், 1981-இல். பின்னால் வந்தவற்றில் பல மறந்துபோன ஒன்றை அது தொடக்கத்திலேயே செய்திருந்தது: ஈதர்நெட் இணைப்பு அதன் அடிப்படைகளில் ஒன்று, சர்வர்கள் மேசைத்திரையின் இயல்பான உறுப்பு. கோப்பு இழுப்பறை என்ற படம் நெட்வொர்க்கில் உள்ள ஃபைல் சர்வரில் இருக்கும் இடத்தைக் குறித்தது. ஆவணத்தை இழுப்பறையில் போட்டால் அது சர்வருக்குப் போய்விடும். வலையில் என்னென்ன சர்வர்கள், பிரிண்டர்கள் இருக்கின்றன என்று பார்க்கத் தனியாக ஒரு விவரப்பட்டியல் படம். வட்டு, எழுத்து, பாதை என எதுவும் பயனரிடம் பேசப்படவில்லை. விலைதான் கைக்கு எட்டவில்லை.

1984 ஜனவரியில் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷில் நெட்வொர்க்கைக் காணோம்; இருந்தது 400 கிலோபைட் கொள்ளும் ஒரே ஒரு ஃபிளாப்பி டிரைவ். ஆனால் புரூஸ் ஹார்னும் ஸ்டீவ் கேப்ஸும் எழுதிய அதன் ஃபைல் மேனேஜரான ஃபைண்டர், டாஸ் தடுமாறிய கேள்விக்குத் தெளிவான பதில் வைத்திருந்தது. மேசைத்திரையில் தெரிவது வட்டு. டிரைவுக்குப் படமே கிடையாது. வட்டைச் செருகியதும் அதன் பெயரோடு படம் தோன்றும். டிரைவில் வெளியேற்றும் பொத்தான் இல்லை. கணினிக்குத் தெரியாமல் வட்டை எடுக்க வேண்டுமானால் பேப்பர் கிளிப்பை நிமிர்த்திச் சிறு துளையில் குத்த வேண்டும். அதனால் திரை சொல்வதும் டிரைவில் இருப்பதும் எப்போதும் ஒத்துப்போயின.

வட்டிலிருந்து வட்டுக்கு நகலெடுப்பது எப்படி? ஃபைண்டர் முதல் வட்டை வெளியேற்றிய பிறகும் அதன் படத்தைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக வைத்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் நினைவகத்தில் இருந்ததால் அந்த மங்கல் படத்தின் மேல் கோப்பை இழுத்துப் போடலாம். தேவைப்படும்போது குறிப்பிட்ட வட்டைப் போடும்படி பெயர் சொல்லிக் கேட்கும். இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு என்பதைத் திரையில் முதன்முதலாக ஒளிவு மறைவின்றிக் காட்டிய குறி இந்த மங்கல் படம்தான் எனலாம்.

ஆனால் வேலை முடிந்த பிறகும் மங்கல் படங்கள் மேசையில் சேர்ந்துகொண்டே போயின. அவற்றை அகற்றக் குப்பைத் தொட்டிக்கு இழுத்துப் போட வேண்டியிருந்தது. வெளியேற்றுவது, படத்தை அகற்றுவது என்ற இரண்டையும் ஒரே அடியில் முடிக்க, செருகிய வட்டையே தொட்டிக்கு இழுக்கலாம் என்று குறுக்குவழியும் வைத்தார்கள். குறுக்குவழி பின்னர் ராஜபாட்டை ஆயிற்று. வட்டைத் தொட்டியில் போட்டால் கோப்புகளெல்லாம் அழிந்துவிடுமோ என்று புதிதாக வந்தவர்கள் பயந்தார்கள். இடைமுக வடிவமைப்பு வகுப்புகளில் இன்றும் தவறான உருவகத்துக்கு இதைத்தான் காட்டுகிறார்கள். வட்டை இழுக்கத் தொடங்கியதும் தொட்டியின் படம் வெளியேற்றும் குறியாக மாறும்படி மேக் ஓஎஸ் எக்ஸில் ஆப்பிள் திருத்தியது.

சர்வர்கள் மெக்கின்டாஷுக்கு 1987-இல் ஆப்பிள்ஷேர் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளுடன் வந்தன. அவற்றைத் தேட ஃபைண்டருக்குள் இடமில்லை. பிரிண்டர் தேர்ந்தெடுப்பதற்காக இருந்த ‘சூசர்’ என்ற சிறு நிரலைத்தான் திறக்க வேண்டும். கடவுச்சொல் கொடுத்து முடித்ததும் சர்வரின் வட்டு மேசைத்திரையில் ஃபிளாப்பியைப் போலவே வந்து உட்காரும். தேடும் இடம் ஒன்று, பயன்படுத்தும் இடம் வேறொன்று என்ற இந்தப் பிளவை ஓரளவு ஈடுகட்டியது 1991-இல் வந்த சிஸ்டம் 7. அதன் ‘ஏலியாஸ்’ என்ற குறுக்குக் கோப்பு, மூலக் கோப்பு எந்த சர்வரில் எந்த வட்டில் இருக்கிறது என்பதைத் தன்னுள் வைத்திருந்தது. அதை இருமுறை சொடுக்கினால் போதும், சர்வரைத் தேடி, கடவுச்சொல் கேட்டு, வட்டை இணைத்து, கோப்பையும் திறந்துவிடும். அந்தத் தலைமுறையில் இதைவிட நேர்த்தியான தீர்வு வேறெங்கும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

விண்டோஸ் எழுத்துகளைக் கைவிடவில்லை. அவற்றுக்குப் படம் போட்டது. 1985-இன் முதல் பதிப்பிலேயே சாளரத்தின் மேற்பகுதியில் டிரைவ் படங்கள் எழுத்துகளோடு வரிசையாக நின்றன. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 அவற்றை எல்லாம் ‘மை கம்ப்யூட்டர்’ என்ற ஒரே படத்துக்குள் கூட்டி வைத்து, பக்கத்தில் ‘நெட்வொர்க் நெய்பர்ஹுட்’ என்ற படத்தையும் வைத்தது. உன் கணினி இது, அக்கம்பக்கம் அது என்ற பாகுபாடு பலருக்கும் சட்டென்று புரிந்தது. பகிர்ந்த டிரைவை ஒரு கை ஏந்தி நிற்கும். நெட்வொர்க் டிரைவின் அடியில் கேபிள் ஓடும். இணைப்பு அறுந்தால் சிவப்புப் பெருக்கல் குறி விழும். மெக்கின்டாஷின் மங்கல் படம் சொன்ன சேதியைத்தான் இந்தச் சிவப்புக் குறியும் சொன்னது, கொஞ்சம் அதட்டலாக.

கட்டமைப்பில் ஒரு விநோதமும் இருந்தது. விண்டோஸ் 95-இன் ஃபைல் மேனேஜரான எக்ஸ்புளோரரின் மரத்தில் உச்சியில் இருப்பது மேசைத்திரை; அதற்குள் மை கம்ப்யூட்டர்; அதற்குள் சி டிரைவ்; அதற்குள் விண்டோஸ் ஃபோல்டர்; அதற்குள் மீண்டும் மேசைத்திரை. யூனிக்ஸில் வளர்ந்தவர்களுக்கு இது ஒவ்வாமையாக இருந்தது. பயனர்களில் பெரும்பாலோர் இதைக் கவனிக்கவே இல்லை.

எழுத்துகள் கருவிகளைக் காட்டுவதாகப் பயனர்கள் நம்பியதும் உண்மைக்குச் சற்றுத் தள்ளித்தான் இருந்தது. தமிழ்நாட்டில் அசெம்பிள் செய்து விற்ற கணினிகளில் ஒரே ஹார்டு டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது கடைக்காரர்களின் வழக்கம். விண்டோஸ் சி-யில், பாட்டும் படமும் டி-யில். விண்டோஸைத் திரும்பப் போட்டாலும் டி-யில் வைத்தது தப்பிக்கும் என்பதில் நியாயம் இருந்தது; டிஸ்க்கே கெட்டுப்போனால் மூன்றும் ஒன்றாகப் போய்விடும் என்பதைத் திரையில் மூன்றாக நின்ற படங்கள் சொல்லவில்லை. எழுத்தே இல்லாமல் ஒரு டிரைவை ஃபோல்டருக்குள் மவுன்ட் செய்யும் யூனிக்ஸ் வித்தை விண்டோஸ் 2000-இல் வந்தது. எக்ஸ்புளோரர் அதை முன்னிறுத்தாததால் நிர்வாகிகளைத் தாண்டி யாரும் அதைத் தொடவில்லை.

நெட்வொர்க் நெய்பர்ஹுட் பட்டியல் எப்படி உருவானது என்பது கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டியது. அதற்கென்று தனி சர்வர் எதுவும் தேவையில்லை. வலையில் உள்ள கணினிகள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒன்றைப் பட்டியல் காப்பாளராகத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு கணினியும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். தொடர்ந்து மூன்று அறிவிப்புகள் தவறினால்தான் காப்பாளர் அதன் பெயரை நீக்கும். ஆகவே ஒருவர் கணினியின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பட்டியலில் அதன் பெயர் இருக்கும். சொடுக்கினால் மணற்கடிகாரம் சுற்றும், பிறகு பிழைச் செய்தி வரும். இன்னொரு பக்கம், கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும் கணினி பட்டியலில் வராது. இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு அதன் பெயரைத் தட்டச்சு செய்தால் உடனே திறக்கும். பட்டியலை நம்பாதே, பெயரை அடி என்பது நெட்வொர்க் நிர்வாகிகளின் எழுதாத விதி ஆயிற்று.

2007-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் லெப்பர்ட் வெளியானபோது, வலையில் உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு ஆப்பிள் போட்ட படம் பழுப்பேறிய பழைய மானிட்டர்; அதன் திரையில் விண்டோஸ் செயலிழக்கும்போது வரும் நீலத்திரை. படத்தைப் பெரிதாக்கினால் எழுத்துகள்கூடத் தெரியும். சிறியதாக வைத்தால் நையாண்டி தெரியாது.

லினக்ஸ் மேசைத்திரைகள் யூனிக்ஸின் மரத்தையும் அதன் சிக்கலையும் சேர்த்தே பெற்றுக்கொண்டன. சிடியைப் போட்டால் மவுன்ட் கட்டளை கொடுக்க வேண்டும்; மவுன்ட்டை அவிழ்க்காத வரை பொத்தானை அழுத்தினாலும் டிரைவ் திறக்காது; ஏதாவது ஒரு நிரல் அந்த ஃபோல்டரில் நின்றுகொண்டிருந்தால் அவிழ்க்கவும் முடியாது. 2004 வாக்கில் கருவிகளைத் தானாக அடையாளம் காணும் எச்ஏஎல் போன்ற அடுக்குகள் வந்த பிறகே, பென் டிரைவைச் செருகியதும் படம் தோன்றுவது இயல்பாயிற்று. அப்போதும் வலது சொடுக்கில் ‘அன்மவுன்ட்’, ‘எஜெக்ட்’, ‘பாதுகாப்பாக அகற்று’ என்று மூன்று விதமான கட்டளைகள் நின்றன. மூன்றும் உள்ளே வேறு வேறு செயல்கள்தான். பென் டிரைவைப் பிடுங்கக் காத்திருப்பவருக்கு அந்த வேறுபாட்டால் ஒரு பயனும் இல்லை. மென்பொருள் எழுதுபவரின் வகைப்பாடு அப்படியே மெனுவில் ஏறிவிட்டதற்கு இது நல்ல உதாரணம்.

சர்வர்களுக்கு, லினக்ஸ் மேசைத்திரைகளில் ஒன்றான கேடிஇ வேறு வழி கண்டது. 2000-இல் வந்த கேடிஇ 2-இன் கான்கரர், முகவரிப் பட்டையில் நெறிமுறையின் பெயரோடு சர்வரின் பெயரைக் கொடுத்தால் இணையப் பக்கத்தைப் போலவே அதைத் திறந்து காட்டியது. மவுன்ட் என்ற படியே கிடையாது. குறை என்னவென்றால், அந்த முகவரி கேடிஇ நிரல்களுக்கு மட்டுமே புரியும். மற்ற நிரலில் கோப்பைத் திறக்க, முதலில் ஒரு தற்காலிக நகல் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மற்றொரு லினக்ஸ் மேசைத்திரையான நோம் 2008-இல் ஜிவிஎஃப்எஸ் என்ற அடுக்கைக் கொண்டுவந்து இரண்டையும் இணைத்தது. நோம் நிரல்கள் சர்வரை முகவரியாகவே பார்க்கும். மற்ற நிரல்களுக்காக அதே சர்வர் மரத்தின் ஒதுக்குப்புறக் கிளையொன்றில் மவுன்ட் ஆகியிருக்கும்.

2000களில் மேசைத்திரையிலிருந்து டிரைவ்கள் பக்கப்பட்டைக்கு இடம்பெயர்ந்தன. 2003-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் பாந்தர், சாளரத்தின் இடப்புறம் ஒரு பட்டை வைத்து மேற்பாதியில் வட்டுகளையும் நெட்வொர்க்கையும், கீழ்ப்பாதியில் பயனரின் ஃபோல்டர்களையும் அடுக்கியது. கழற்றக்கூடிய ஒவ்வொன்றின் பெயருக்கு அருகிலும் சிறிய வெளியேற்றும் குறி. குப்பைத் தொட்டிச் சிக்கல் ஒருவழியாக அங்கேதான் தீர்ந்தது. சில ஆண்டுகளில் வரிசை தலைகீழானது: பயனரின் விருப்ப ஃபோல்டர்கள் மேலே ஏற, டிரைவ்களும் சர்வர்களும் கீழே போயின. கோப்பு எந்த வட்டில் இருக்கிறது என்ற கேள்வி பலருக்கும் முக்கியமற்றுப் போனதன் அடையாளம் அது.

டிரைவ்களை எவ்வளவு தூரம் ஒதுக்கலாம் என்பதில் நோம் ஒரு சோதனை நடத்தியது. 2015-இல் அதன் ஃபைல் மேனேஜர், உள்ளே பொருத்திய மற்ற டிரைவ்களையும் வலையில் உள்ள சர்வர்களையும் ‘பிற இடங்கள்’ என்ற ஒரே பக்கத்தில் கூட்டி வைத்தது. சர்வர் முகவரி அடிக்கும் பெட்டியும் அதன் அடியிலேயே இருந்தது. பக்கப்பட்டை சுத்தமாயிற்று. ஆனால் ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள், இரண்டாவது ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள், நாள்தோறும் தேடும் பொருளுக்கு ஒரு படி கூடுதலாக இறங்க வேண்டியிருந்தது. பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கையும் கட்டடத்தின் வேறொரு மூலையில் இருக்கும் சர்வரையும் ஒரே கூடையில் போட்டதில் தர்க்கமும் இல்லை. 2024-இல் வந்த நோம் 47 அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டு, உள் டிரைவ்களைப் பக்கப்பட்டைக்கே கொண்டுவந்தது. நெட்வொர்க்குக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியது.

விண்டோஸில் எதிர்த்திசைச் சிக்கல், படங்கள் மிகுதியாகிப் போனது. நான்கு துளை உள்ள மெமரி கார்டு ரீடரை இணைத்தால், ஒரு கார்டுகூடப் போடாத நிலையிலும் நான்கு எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். மெக்கின்டாஷ் 1984-இல் தவிர்த்த பிழை இது. காலி டிரைவ்களை மறைக்கும் வசதி பின்னர் வந்தது.

நெட்வொர்க் பட்டியலின் பழைய முறைக்கு முடிவு 2017-இல் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற பணயத் தீநிரல், விண்டோஸ் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்தது. அந்தப் பதிப்பைக் கைவிடுமாறு மைக்ரோசாஃப்ட் முன்பே சொல்லிவந்தது. இலையுதிர்காலத்தில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், புதிதாக நிறுவும் கணினிகளில் அது தானாக இடம்பெறவில்லை. தேர்தல் நடத்திப் பட்டியல் போடும் பழைய ஏற்பாடும் அதன் மேல்தான் நின்றிருந்தது. விளைவாக, எஸ்எம்பி பேசும் சாம்பா மென்பொருள் ஓடும் லினக்ஸ் சர்வர்களும் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளும் அத்தகைய விண்டோஸ் கணினிகளின் நெட்வொர்க் பக்கத்திலிருந்து மறைந்தன. பெயரை அடித்தால் திறந்தன, படமாகத் தெரியவில்லை. புதிய கண்டறியும் நெறிமுறையைப் பேசும் கூடுதல் நிரல் ஒன்றை அவற்றில் நிறுவிய பிறகே மீண்டும் கண்ணில் பட்டன.

அதே இலையுதிர்காலப் பதிப்பில்தான் மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவுக்கு ‘தேவைக்கேற்பக் கோப்புகள்’ என்ற வசதியும் வந்தது. கூகுள் தன் மேகச் சேமிப்பை விண்டோஸில் ஜி என்ற எழுத்துடன் ஒரு டிரைவாகவே காட்டியது. மைக்ரோசாஃப்ட் தன்னுடையதைச் சாதாரண ஃபோல்டராக வைத்து, ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் ஒரு குறி போட்டது. மேகத்தின் வெளிக்கோடு என்றால் பெயர் மட்டும் இங்கே, உள்ளடக்கம் சர்வரில். பச்சை நிற டிக் என்றால் நகல் இங்கும் இருக்கிறது. டிக்கைச் சுற்றி வட்டம் முழுப் பச்சையாக நிரம்பியிருந்தால் அந்த நகலைக் கணினி தானாக நீக்காது. இப்படி, டிரைவ் அளவில் இருந்த கேள்வி கோப்பு அளவுக்கு இறங்கியது. ஃபோல்டர் முழுவதையும் படித்துப் பார்க்கும் வைரஸ் எதிர்ப்பு நிரலோ பேக்கப் நிரலோ கைவைத்தால் மேகத்தில் இருப்பதெல்லாம் ஒரேயடியாகத் தரவிறங்கிவிடும் என்பதால், கோப்பின் உள்ளடக்கம் இங்கே இல்லை என்று மற்ற நிரல்களுக்குச் சொல்லும் தனி அடையாளம் ஒன்றையும் விண்டோஸ் கோப்புப் பண்புகளில் சேர்க்க வேண்டியதாயிற்று.